கொசுறாகப் போன சொல்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து உலு திராம் வட்டாரத்தில் யாருக்காவது பட்டம் வேண்டுமென்றால் பல்கலைக்கழகப் படி ஏற வேண்டியதில்லை. பெர்னார்டின் அச்சகப் படி ஏறினால் போதும். கல்யாண அட்டை, திருவிழா நோட்டீஸ், சங்கத்து ஆண்டு மலர் என்று எதை அடிக்கக் கொடுத்தாலும், பெயருக்கு முன்னால் ஒட்ட ஒரு பட்டம் அவர் கைவசம் இருக்கும். நாலு லாரி வைத்திருப்பவர் அங்கே 'தொழில் வேந்தர்' ஆவார். இரண்டு முறை மேடையில் பாடியவர் 'இசைச் சுடர்' ஆவார். ஒன்றுமே செய்யாதவரைச் 'சமூக சேவையாளர்' என்று போட்டுவிடுவார். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

இது ரத்தத்தில் வந்த பழக்கம். பெர்னார்டின் அப்பா சிம்பாங் ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டுகளில் சைக்கிளில் துணி விற்றவர். பேரம் முடிந்து சேலையை மடிக்கும்போது ஒரு கைக்குட்டையை எடுத்து மேலே வைப்பார். விலையில் இம்மி இறங்காத மனுஷன் கைக்குட்டையில் கர்ணன் ஆகிவிடுவார். வாங்கியவளுக்கு சேலை மறந்துபோகும், கைக்குட்டை மறக்காது. பெர்னார்டுக்குத் துணி வியாபாரம் ஒட்டவில்லை. கொசுறு கொடுக்கும் கை மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்த வருஷம் மல்லிகை மகளிர் மன்றத்துக் கலைவிழா மலர் அவரிடம் வந்தது. விழாவுக்குச் சீனர், மலாய்க்காரர் என்று எல்லாரும் வருவதால் புத்தகம் ஆங்கிலத்தில். ஒரு சனிக்கிழமை மதியம் தேன்மொழி தன் நடனத்துக்கான தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். முப்பதை நெருங்கும் பெண். சிங்கப்பூரில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லைப் பாலத்தைத் தாண்டுகிற பல்லாயிரம் பேரில் ஒருத்தி. அன்றும் ஹெல்மெட் முழங்கையில் வாளிபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அங்கிள், இதுல இருக்கிற மாதிரியே போட்டுடுங்க. ஜொகூர் பாருல ஒரு காலேஜுல டான்ஸ் சொல்லிக் கொடுக்க ஆளு கேட்டிருக்காங்க. சொந்தமா செஞ்ச டான்ஸ் ஒண்ணாச்சும் அச்சுல வந்திருக்கணுமாம். விழா முடிஞ்சு வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"உன் பேரு இல்லாம புக்கா? ஒரு எழுத்து மாறாது, போ."

"கெடச்சிட்டா இந்த நாலு மணி அலாரத்துக்கு ஒரு கும்பிடு அங்கிள்."

தாளில் இரண்டே வரி. இரண்டாவது வரியில் 'பாலம்' என்ற நடனத்தில் ஆடும் பதினாறு பெண்களின் பெயர்கள். தேன்மொழி பெயர்தான் முதலில். முதல் வரியில், 'கோரியோகிராஃபர்: தேன்மொழி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

பெர்னார்ட் அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு லட்சணமான சொல். துறைமுகத்தில் நிற்கிற கப்பல்போல நீளம். எப்போதோ ஒரு பெரிய அரங்கத்து மலரில், பட்டுச் சேலை கட்டிய ஓர் அம்மாளின் படத்துக்குக் கீழே அதைப் பார்த்த ஞாபகம் இருந்தது. புரவலர், ஆலோசகர், கௌரவத் தலைவர் என்கிற வரிசையில் இதுவும் ஒன்று என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். 'இந்தப் பிள்ளையும் தனக்குத் தானே ஒண்ணு போட்டுக்கிச்சு பாரு' என்று சிரித்துக்கொண்டே தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார்.

திங்கட்கிழமை யோகேஸ்வரி வந்தார். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரமும் வாடகை நகையும் கொடுக்கிற பெரிய கடைக்காரர். பின்னட்டை முழுவதும் அவர் கடை விளம்பரம். இரண்டு பேரும் பேரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஆளுக்கு இரண்டு முறை எழுந்து போவதுபோல் பாவனை செய்து, இரண்டு காப்பி குடித்து, ஒருவழியாக விளம்பர விலை படிந்தது. படிந்த பிறகுதானே கைக்குட்டை?

"என் படத்துக்குக் கீழ என்ன போடுவீங்க அண்ணே?"

"புரவலர்னு போட்டுடலாம் மேடம்."

"அந்தக் கறிவேப்பில எல்லா புக்குலயும்தான் கெடக்கு. கேட்டா வாய் நெறையணும்."

பெர்னார்டின் கண் மேசைக் கண்ணாடிக்கு அடியில் போயிற்று. சுண்டுவிரலால் சொல்லைத் தட்டிக் காட்டினார்.

"இது எப்படி?"

"என்னாது இது, இம்மாம் நீளம்?"

"பெரிய எடத்துல போடுறது மேடம். டான்ஸுக்கெல்லாம் மேல நின்னு பார்த்துக்கிறவங்க."

"நானும் மேல நின்னுதானே பார்க்கிறேன். போடுங்க லா!"

அப்படித்தான் அது கைமாறியது.

யோகேஸ்வரியின் படம் முட்டை வடிவம். கீழே ஒடுக்கமான தங்கநிறக் கட்டம். சொல் உள்ளே போகமாட்டேன் என்றது. பெர்னார்டின் மனைவி வினிஃப்ரெட், கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், பிழை பார்க்க உட்கார்ந்திருந்தார்.

"எழுத்தச் சின்னதாக்குங்க."

"யோகேஸ்வரிக்குச் சின்ன எழுத்தா? பின்னட்டைக் காசத் திருப்பிக் கேட்கும்."

சொல்லை உடைத்துத்தான் ஆக வேண்டும். அதில் பெர்னார்டுக்குத் தனிக் கௌரவம். மற்ற அச்சகங்களில் வரி முடிந்த இடத்தில் சொல்லைக் கசாப்புக் கடையில் எலும்பு வெட்டுவதுபோல் வெட்டுவார்கள். இவர் முட்டியைத் தடவிப் பார்த்துத்தான் கத்தி வைப்பார். தலையணை தடிமனில் ஓர் ஆங்கில அகராதி அதற்காகவே இருந்தது. அதில் ஒவ்வொரு சொல்லும் எங்கே உடையும் என்று நடுவில் புள்ளி வைத்துப் பிரித்திருக்கும். விரலை வைத்துத் தேடிப் பிடித்தார். ஐந்து துண்டு. கோ, ரி, ஆக், ர, ஃபர். மூன்றாவது துண்டுக்குப் பிறகு ஒரு கோடு போட்டு மிச்சத்தைக் கீழே இறக்கினார். கட்டத்துக்குள் பல் வரிசைபோல் பொருந்தியது.

"பார்த்தியா? இந்த ஜொகூர்லயே இத சரியா உடைக்கிறவன் நான் ஒருத்தன்தான்."

"அர்த்தம் என்னன்னு போட்டிருக்கு?" என்றார் வினிஃப்ரெட்.

"அர்த்தத்தையா அச்சடிக்கப் போறோம்? வெட்டுற எடம் கெடச்சாச்சு, வுடு."

அகராதியை மூடினார். அர்த்தம் அடுத்த வரியிலேயே இருந்தது. கண் அரை விரற்கடை இறங்கியிருந்தால் போதும். பிறகு, ஒரே பட்டத்தை இரண்டு பேருக்குப் போட்டால் அழகாக இருக்காதே என்று, தேன்மொழியின் முதல் வரியை எடுத்துவிட்டார். ஆட்டக்காரர் வரிசையில் அவள் பெயர் முதலில் இருக்கிறதல்லவா, சொன்ன சொல் தவறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபம் நிரம்பிவிட்டது. முந்நூறு புத்தகமும் முந்நூறு கையில். பெர்னார்ட் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, ஆட்கள் பக்கம் புரட்டுவதைச் சமைத்தவன் பந்தியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். முழு ஒப்பனையில், காலில் சலங்கையோடு தேன்மொழி பக்கக் கதவு வழியாக வந்து அவர் அருகில் குனிந்தாள். புத்தகம் விரித்தபடி இருந்தது.

"அங்கிள், இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

"அது வந்தும்மா… விழாவுக்குத் தூணு மாதிரி பின்னால நிக்கிறவங்களுக்கு ஒரு மரியாதை."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். பதிலுக்குச் சத்தம் போடலாம்.

"டான்ஸ உண்டாக்குனவங்கன்னு அர்த்தம் அங்கிள். யாரு எந்தக் கால எப்ப எடுத்து வைக்கணும், யாரு எங்க திரும்பணும், எங்க பதினாறு பேரும் அசையாம நிக்கணும்னு யோசிச்சுக் கட்டுனவங்க. பாலத்து மேல மோட்டார் நகராம நிக்கிறப்ப கட்டினேன். எட்டு மாசம்."

"டான்ஸ் மாஸ்டரா?" பெர்னார்டின் வாய் தானாகக் கேட்டது.

"ஆமா அங்கிள். டான்ஸ் மாஸ்டர்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். சலங்கை ஓசை போய்விட்டது. அவருக்குக் காதுமடல் இரண்டும் கொதித்தன. வாழ்நாளெல்லாம் 'டான்ஸ் மாஸ்டர்' என்று சொல்லிவிட்டு, அதே ஆள் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது அடையாளம் தெரியாமல் வேறொருத்தர் வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்.

திரை விலகியது. பதினாறு பெண்கள், தலையில் ஹெல்மெட், நெருக்கியடித்து நாலு வரிசை. வண்டி இல்லை, ஆனால் முழங்கையும் முழங்காலும் மடிந்த விதத்தில் வண்டி தெரிந்தது. பரதத்துத் தட்டடவுதான், ஆனால் அரை அடி நகர்ந்து, நின்று, மறுபடி அரை அடி. மழை வந்தது, பதினாறு முதுகும் ஒரே நேரத்தில் குனிந்தன. ஒருத்தி தூங்கி விழுகிறாள், பக்கத்துக்காரி முழங்கையால் எழுப்புகிறாள். பிறகு ஒரு நொடி எல்லாம் நின்றது. முந்நூறு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். பாதிப் பேர் நாளைக் காலையும் அந்த வரிசையில் நிற்கப் போகிறவர்கள். கடைசி வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. அறிவிப்பாளர் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசித்தார்: "இந்த அருமையான நடனத்தோட கோரியோகிராஃபர், திருமதி யோகேஸ்வரி அவங்கள மேடைக்கு அழைக்கிறோம்!"

யோகேஸ்வரி எழுந்தார். மாலை போட்டார்கள். "எல்லாம் அம்மன் அருள். பிள்ளைங்க நல்லா ஆடுனாங்க" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். அறிவிப்பாளர் ஆர்வம் தாங்காமல், "ஹெல்மெட் போட்டு ஆட வைக்கணும்ங்கிற எண்ணம் எப்படிங்க வந்துச்சு?" என்று ஒலிவாங்கியை நீட்டினார்.

"ஆங்… பாதுகாப்பு முக்கியம் இல்லையா?" என்றார் யோகேஸ்வரி.

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. பெர்னார்ட் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லலாம். இரண்டாவது வரிசைதான், ஒலிவாங்கிகூடத் தேவையில்லை. எழுவதற்குக் காலைக்கூட இழுத்து வைத்தார். பிறகு, கீழே விழாத புத்தகத்தை எடுப்பதுபோல் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது மேடை ஓரத்தில் தேன்மொழி ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எல்லாரும் தட்டுகிறார்களே என்று தானும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வினிஃப்ரெட் அந்த அகராதிப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அச்சடிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

திங்கட்கிழமை முழுக்க யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தார். வியாபாரி புத்தி, யாருக்கும் நோகாத வழி. அந்த ஒரு பக்கத்தை மாற்றி, யோகேஸ்வரி படத்துக்குக் கீழே 'புரவலர்' என்றும், நடனத்துக்கு மேலே தேன்மொழியின் பழைய வரியையும் போட்டு, ஒரே ஒரு புத்தகம் அடித்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதைப் பழுப்பு உறையில் போட்டுக்கொண்டு அவள் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள், காலுறைகூடக் கழற்றவில்லை.

"இந்தாம்மா. காலேஜுக்கு இத அனுப்பு. யாருக்கும் தெரிய வேணாம், வேலையும் முடிஞ்சிடும்."

தேன்மொழி பக்கத்தைப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"முந்நூறு பேரு கையில ஒண்ணு, என் கையில வேற ஒண்ணு. காலேஜுலேர்ந்து மன்றத்துக்கு போன் போட்டுக் கேட்டா யாரு திருடி, அங்கிள்?"

"கேட்க மாட்டாங்க லா…"

"நீங்க தப்பா போட்டீங்க. அத மூடுறதுக்கு என்னைய பொய் சொல்லச் சொல்றீங்க." புத்தகத்தை உறைக்குள் வைத்து அவரிடமே நீட்டினாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் எழுதிக் கொடுத்த தாளுல என் பேருக்கு நேரா அந்த வார்த்தை இருந்துச்சே. அத எடுக்கிறப்ப, என்னைய ஒரு வார்த்த கேட்கணும்னு ஏன் தோணல?"

பெர்னார்டுக்குப் பதில் தெரியும். யோகேஸ்வரியின் வரி என்றால் கேட்டிருப்பார்; மூன்று முறை போன் போட்டிருப்பார். ஹெல்மெட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த பிள்ளைக்கு இத்தனை நீளச் சொல் எதற்கு என்று ஒரு நினைப்பு அன்றைக்கு வந்துபோனது. வந்தது அவருக்குத் தெரியும். உறையை வாங்கி அதன் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். "தண்ணி குடிக்கிறீங்களா அங்கிள்?" என்று அவள் கேட்டது இன்னும் மோசம்.

புதன்கிழமை யோகேஸ்வரியின் கடைக்குப் போனார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாங்க அண்ணே! கோலாலம்பூர்லேர்ந்து என் மக ரூபினி மூணு நாளா போன் போட்டுச் சிரிக்கிறா. 'அம்மா, பாதுகாப்பு முக்கியமா?'ன்னு. அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவதான் சொன்னா. நீங்க சொல்லல."

"எனக்கே தெரியாது மேடம்."

"தெரியாத சாமானையா எனக்கு வித்தீங்க?"

"விக்கல மேடம். சும்மா… கூட வச்சுக் கொடுத்தேன்."

"யாரோடத?"

பெர்னார்ட் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒட்டியாணங்களைப் பார்த்தார். "தேன்மொழியோடது. அது எழுதிக் கொடுத்தத எடுத்துத்தான் உங்களுக்குப் போட்டேன்."

யோகேஸ்வரி கையிலிருந்த நகைச் சீட்டைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருஷமா வாடகைக்கு நகை கொடுக்கிறேன். எது யாரோடதுன்னு சீட்டுக் கட்டாம ஒரு மூக்குத்தி வெளிய போனதில்ல. நீங்க திருட்டு நகையப் போட்டு என்னைய மேடையில ஏத்தி, மாலையும் போட வச்சிட்டீங்க அண்ணே. அந்தப் பிள்ளையும் கை தட்டுச்சு. நான் பார்த்தேன்."

"என்ன செய்யணும்னு சொல்லுங்க மேடம், செஞ்சிடுறேன்."

"முந்நூறு பேருக்கும் எழுதிக் கொடுங்க. உங்க பேரு போட்டு. அச்சுப்பிழைன்னு எழுதினீங்கன்னா நான் வந்து கிழிப்பேன். அச்சு பாவம், அது என்னா பண்ணுச்சு?"

வியாழக்கிழமை காலை பெர்னார்ட் எழுத உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் பட்டம் எழுதிய கை, நாலு வரிக்குத் திணறியது. முதலில் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று தொடங்கினார். வினிஃப்ரெட் பென்சிலால் அடித்தார். 'நேர்ந்துவிட்ட சிறு தவறுக்கு' என்று மாற்றினார். 'சிறு' போயிற்று, பிறகு 'நேர்ந்துவிட்ட'வும் போயிற்று. "அதுவா நேர்ந்துச்சு?" என்றார் வினிஃப்ரெட். மதியத்துக்குள் மிஞ்சியது இவ்வளவுதான், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம்:

'கோரியோகிராஃபர் என்பவர் நடனத்தின் ஒவ்வோர் அடியையும் அசைவையும் யோசித்து உருவாக்குபவர். பாலம் நடனத்தை அப்படி உருவாக்கியவர் தேன்மொழி. அவர் அதை எழுதியே கொடுத்திருந்தார். அதன் பொருள் தெரியாமல், அவரைக் கேட்காமல், அந்தப் பெயரை எடுத்துத் திருமதி யோகேஸ்வரிக்குக் கொடுத்தவன் நான். யோகேஸ்வரி அதைக் கேட்கவில்லை. – பெர்னார்ட், அச்சகத்தார்.'

கீழே மன்றத்தின் முத்திரையும் தலைவி செல்வராணியின் கையெழுத்தும் வாங்கினார். செல்வராணி படித்துவிட்டு, "கையெழுத்து போடுறேன். ஆனா கொண்டு போய்க் கொடுக்கிறது நீங்கதான்" என்றார்.

சாயங்காலம் தேன்மொழி அடுக்குமாடிக்குக் கீழே மோட்டாரை நிறுத்திவிட்டு, நின்றபடியே அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தாள். ஒன்றை எடுத்து, விழாவில் கிடைத்த புத்தகத்துக்குள் வைத்தாள்.

"ரெண்டையும் சேர்த்து இன்னிக்கே அனுப்பிடுறேன் அங்கிள்."

"கெடச்சிடுமாம்மா?"

"தெரியல. கெடைக்கலன்னா என் டான்ஸ் பத்தலன்னு கெடைக்காம போகட்டும்."

மிச்சம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. தபாலில் போடலாமே என்று பெர்னார்ட் ஒரு தடவை நினைத்தார். யாரையும் முகம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் செல்வராணி சொன்னது சொன்னதுதான். சனிக்கிழமை காலை ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு ஈரச் சந்தைக்குப் போனார். விழாவுக்கு வந்த பாதிப் பேர் அங்கே மீன் வாங்க வருவார்கள்.

முதலில் அகப்பட்டவர் மீன்கடை லெட்சுமணன். விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர்.

"என்னா பெர்னார்ட் அண்ணே, புதுக்கடை திறப்பா? வெலை கழிவு உண்டா?"

"இல்ல தம்பி. விழா புக்குல ஒரு… இத படிச்சுக்குங்க."

"கை பூரா செதிலு. கண்ணாடியும் கொண்டாரல. நீங்களே படிங்களேன்."

மீன் எடை போட நின்றிருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள். அதில் இரண்டு பேர் விழாவுக்கு வந்தவர்கள். ஒரு சீனக் கிழவி தன் மீனை விட்டுவிட்டு இவர் முகத்தைப் பார்த்தாள். பெர்னார்ட் சீட்டைத் தூக்கிப் பிடித்தார். தாமே எழுதியதுதான், இருந்தாலும் முதல் முறை பார்ப்பதுபோல் எழுத்துகள் நின்றன. முதல் வரியைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். 'அவரைக் கேட்காமல்' என்ற இடத்தை மட்டும் வேகமாக முணுமுணுத்துத் தாண்டப் பார்த்தார்.

"அண்ணே, சத்தமா லா," என்றார் லெட்சுமணன், கத்தியைக் கட்டைமேல் வைத்துவிட்டு. "இந்த மீன் வெட்டுற சத்தத்துல ஒண்ணும் கேட்கல. மொதல்லேர்ந்து படிங்க."

பெர்னார்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியிலிருந்து தொடங்கினார்.